கரண்ட் போய் வந்தபின் டேட்டாபேஸ் ஏன் திறப்பதில்லை?

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்றார் எரிசக்தி அமைச்சர். அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகலில் ஒருசேர இருண்டன. மின்சாரம் எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதோடு இத்தகைய செய்திகள் முடிந்துவிடும். சர்வர் வைத்திருப்பவருக்கு வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. பெட்டி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் டேட்டாபேஸ் திறக்க மறுக்கிறது. ஜர்னல் இருந்தது, ஒரு டிஸ்க் செத்தாலும் தரவைக் காக்கப் பல டிஸ்க்குகளைச் சேர்த்த ரெய்டு இருந்தது, புது எஸ்எஸ்டி இருந்தது. எல்லாம் இருந்தும் ஏன்?

தரவு டிஸ்க்கைச் சேரும் வழியில் ஒவ்வொரு அடுக்கும் 'எழுதியாச்சு' என்று மேலே இருப்பவருக்குச் சொல்கிறது. அதில் ஒன்று எழுதாமலே சொன்னாலும், மற்ற எல்லாப் பாதுகாப்பும் அந்தப் பொய்யின் மேல் கட்டிய வீடுதான். எந்த அடுக்கு எப்போது பொய் சொல்லும் என்பதை லினக்ஸ் சர்வரை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு பில் டிஸ்க்குக்குப் போகும் வழி

பில்லிங் மென்பொருளில் 'சேவ்' அழுத்தியதும் நடப்பது இது:

1. மென்பொருள் 'ரைட்' என்று இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் தரவைக் கொடுக்கிறது. கர்னல் அதை ராமில் உள்ள பேஜ் கேஷில் வைத்துக்கொண்டு உடனே 'சரி' என்கிறது. டிஸ்க் இன்னும் அசையவில்லை.
2. இப்படி ராமில் காத்திருப்பவை 'டர்ட்டி பேஜ்'. லினக்ஸின் இயல்பு அமைப்பில் கர்னல் 5 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, 30 விநாடிக்கு மேல் காத்திருப்பவற்றை வெளியே தள்ளும்.
3. ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அமைப்பு, தன் பதிவேடுகளைத் திருத்துகிறது.
4. ரெய்டு கார்டு இருந்தால் தரவு அதன் நினைவகத்தில் தங்குகிறது.
5. கடைசியாக டிஸ்க்கின் சொந்த கேஷ். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளில் 64 முதல் 256 எம்பி வரை சாதாரணம். இதுவும் கரண்ட் போனால் காலியாகும் நினைவகம்தான்.

இந்த வரிசை முழுவதையும் தாண்டி 'நிலையான இடத்தில் இறங்கும்வரை காத்திரு' என்று கட்டளையிட மென்பொருளுக்கு இருக்கும் வழி 'எஃப்சிங்க்'. அதைக் கூப்பிட்டு பதில் வந்த பிறகே தரவு பத்திரம் என்று நம்பலாம். அதுவும் கீழே உள்ள எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டால்.

இழப்பு மூன்று விதம். கடைசிச் சில விநாடி வேலை மட்டும் காணாமல் போவது முதல் வகை. எரிச்சல்தான், ஆனால் எதுவும் கெடவில்லை. ஃபைல் சிஸ்டத்தின் பதிவேடே ஒன்றோடொன்று முரண்படுவது இரண்டாவது. மூன்றாவதுதான் மோசம்: பதிவேடு சரியாக இருக்கும், ஃபைலும் இருக்கும், உள்ளே பாதி புதியது, பாதி பழையது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியவரும்.

ஜர்னல் எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது

ஒரு ஃபைலின் கடைசியில் ஒரு பிளாக் (டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் சிறு அலகு) சேர்க்க மூன்று இடங்களைத் திருத்த வேண்டும்: ஃபைலின் அளவும் முகவரியும் உள்ள ஐநோட், எந்த பிளாக் காலி என்று சொல்லும் பிட்மேப், தரவு இருக்கும் பிளாக். ஐநோட் எழுதப்பட்டு பிட்மேப் எழுதப்படாத நொடியில் கரண்ட் போனால், அந்த பிளாக் இன்னும் காலி என்றே பதிவில் இருக்கும். நாளை வேறொரு ஃபைலுக்கும் அது கொடுக்கப்படும்.

இதைத் தடுக்கத்தான் ஜர்னல். செய்யப்போகும் திருத்தங்களை முதலில் தனி நோட்டில் எழுதி, முடிவில் ஒரு 'கமிட்' முத்திரை குத்திவிட்டுப் பிறகுதான் உரிய இடத்தில் எழுதுவது. நடுவில் விழுந்தாலும், எழும்போது முத்திரை உள்ளவற்றை மறுபடி ஓட்டிவிட்டு, முத்திரை இல்லாததைத் தள்ளிவிடலாம்.

லினக்ஸில் பரவலான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-இல் ஜர்னலுக்கு மூன்று நிலைகள் உண்டு. இயல்பாக வருவது 'ஆர்டர்டு': தரவை முதலில் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, பதிவேட்டுத் திருத்தத்தை மட்டும் ஜர்னலில் எழுதும். 'ரைட்பேக்' இந்த வரிசையையும் கவனிக்காது. வேகம் உண்டு, விழுந்தால் ஃபைலுக்குள் பழைய குப்பை தெரியலாம். 'ஜர்னல்' நிலை தரவையும் சேர்த்து இரண்டு முறை எழுதும், எழுதும் வேகம் பெரிதும் குறையும். இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் பதிவேட்டுக்கு மட்டுமே ஜர்னல் வைத்திருக்கிறது. ஆக, ஜர்னல் காப்பது ஃபைல் சிஸ்டத்தை. உங்கள் ஃபைலின் உள்ளடக்கத்துக்கு அது முழுப் பொறுப்பு ஏற்கவில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான்.

2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.28-இல் இஎக்ஸ்டி4 நிலையான பதிப்பாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் ஒரு புகார் கிளம்பியது: கரண்ட் போய் வந்தால் அமைப்பு ஃபைல்கள் 0 பைட் ஆகிவிடுகின்றன. இஎக்ஸ்டி4 இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போட்டது; மென்பொருள்களோ எஃப்சிங்க் கூப்பிடாமலே புது ஃபைலை எழுதி பழையதன் பெயரைச் சூட்டின. பெயர் மாற்றம் டிஸ்க்குக்குப் போய்விட்டது, உள்ளடக்கம் போகவில்லை. 2.6.30-இல் இதற்கு ஒட்டுப்போட்டார்கள். ஆனாலும் சரியான முறை மென்பொருள் எழுதுபவர் கையில்தான் இருக்கிறது:

1. அதே டைரக்டரியில் தற்காலிகப் பெயரில் புது ஃபைலை எழுதுங்கள்.
2. அந்த ஃபைலுக்கு எஃப்சிங்க்.
3. பழைய பெயருக்கு மாற்றுங்கள்.
4. டைரக்டரிக்கும் எஃப்சிங்க். பெயர் என்பது டைரக்டரியில் உள்ள ஒரு பதிவு. ஃபைலை மட்டும் இறக்கினால் அது இறங்காது.

நான்காவதை மறப்பவர்கள் ஏராளம். 2014-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட், மெர்க்குரியல், லெவல்டிபி உட்பட 11 மென்பொருள்களைச் சோதித்தபோது இந்த மாதிரி 60 ஓட்டைகள் அகப்பட்டன. எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள் இரண்டும் வேறு வழியில் போகின்றன. இருந்த இடத்தில் திருத்தாமல் புது இடத்தில் எழுதி, கடைசியில் மேல்நிலைச் சுட்டியை மட்டும் மாற்றுகின்றன. ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் இருப்பதால் கெட்ட பிளாக்கை நல்லது என்று நீட்டாது. வேகத்துக்காக இசட்எஃப்எஸ்ஸில் 'சிங்க்' பண்பை 'டிஸேபிள்டு' ஆக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பூல், அதாவது அதன் டிஸ்க் தொகுப்பு, கெடாது, உண்மை. ஆனால் அதன் மேல் ஓடும் டேட்டாபேஸுக்குக் கொடுத்த வாக்கு ஒவ்வொரு முறையும் பொய்.

பொய் சொல்லும் அடுக்குகள்

*ஹார்ட் டிஸ்க்.* இங்கே பொய்யைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதி எஃப்சிங்க் செய்தால், ஒவ்வொரு முறையும் தட்டு ஒரு சுற்று வர 8.3 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 120-ஐத் தாண்ட வழியில்லை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுடன் வரும் 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' கருவியை ஓட்டுங்கள். ரெய்டு கார்டு இல்லாத சாதாரண டிஸ்க் விநாடிக்கு 3000 என்று காட்டினால் நடுவில் யாரோ ஏமாற்றுகிறார்கள். பெரும்பாலும் எஃப்சிங்க் சொல்லும் 'கேஷைக் காலி செய்' கட்டளையைக் கீழே கடத்தாத யுஎஸ்பி பெட்டி, அல்லது 'நோபேரியர்' என்று மவுன்ட் செய்திருக்கும் பழைய வழக்கம். எக்ஸ்எஃப்எஸ்ஸிலிருந்து அந்த விருப்பத்தை 4.19 கர்னலில் எடுத்தே விட்டார்கள். சந்தேகம் தீராத டிஸ்க்கில் 'எச்டிபார்ம்' கொண்டு எழுதும் கேஷை அணைக்கலாம்; சில டிஸ்க்குகள் மறுதொடக்கத்தில் மறந்துவிடும் என்பதால் பூட்டின்போது தானாக ஓடும்படி வையுங்கள்.

*எஸ்எஸ்டி.* சுழலும் தட்டு இல்லை, எனவே கவலை இல்லை என்பது தவறான எண்ணம். எந்த முகவரியின் தரவு எந்த ஃபிளாஷ் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தன் ராமில் வைத்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அது பாதியில் அறுந்தால் நேற்று எழுதியதும் போகலாம். ஒரே செல்லில் பல பிட்கள் இருப்பதால், புதிதாக எழுதும்போது கரண்ட் போனால் ஏற்கெனவே பத்திரமாக இருந்த பக்கமும் கெடும் வாய்ப்பு உண்டு. 2013-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் 15 எஸ்எஸ்டிகளை மின்தடைக்கு உள்ளாக்கிப் பார்த்தன. 13 ஏதோ ஒரு விதத்தில் தவறின. தீர்வு, 'பவர் லாஸ் புரொடெக்‌ஷன்' உள்ள சர்வர் ரகம். உள்ளே வரிசையாக மின்தேக்கிகள் இருக்கும், கரண்ட் போனபின் கேஷை ஃபிளாஷுக்கு இறக்க அவை போதும். விவரத்தாளில் 'பறக்கும் தரவையும்', அதாவது இன்னும் கேஷில் இருப்பதையும், காக்கும் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். சில நுகர்வோர் எஸ்எஸ்டிகள் ஏற்கெனவே எழுதியதை மட்டும் காப்பதற்கும் ஏறக்குறைய இதே பெயரைத்தான் வைக்கின்றன. டேட்டாபேஸ் சர்வருக்கு வாங்கும்போது வேகத்தையும் கொள்ளளவையும்விட இந்த ஒரு வரிக்குக் காசு கொடுப்பது மேல்.

*ரெய்டு கார்டு.* கேஷுக்குப் பேட்டரி அல்லது மின்தேக்கி இருந்தால் கார்டின் 'ரைட்பேக்' நிலை, அதாவது கேஷில் வாங்கியதுமே 'எழுதியாச்சு' என்பது, பாதுகாப்பானது. பேட்டரி கெட்டால் கார்டு தானாக, டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும் 'ரைட்த்ரூ'வுக்கு இறங்கும், சர்வர் மந்தமாகும். அப்போது ஒருவர் 'பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்பேக்' என்பதை அழுத்தி வேகத்தைத் திருப்பிவிடுவார். எல்லாரும் பாராட்டுவார்கள், அடுத்த மின்தடை வரை. கார்டின் பேட்டரி நிலையையும் டிஸ்க் எச்சரிக்கையைப் போலவே மின்னஞ்சலில் வரவழையுங்கள்.

மென்பொருள் ரெய்டு 5-க்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு, 'ரைட் ஹோல்'. தரவு மாறி, பேரிட்டி (தொலைந்த டிஸ்க்கை மீட்கத் தரவிலிருந்து கணக்கிட்டு வைப்பது) மாறாத நொடியில் விழுந்தால் வெளியே எதுவும் தெரியாது. பிறகு பேரிட்டியைச் சரிசெய்து முடிக்குமுன் ஒரு டிஸ்க் செத்து, அதைக் கொண்டு மீட்கும்போது, அன்று யாரும் தொடாத பிளாக் குப்பையாக வரும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டிரெய்டில் இதற்கு 4.4 கர்னலிலிருந்து தனி ஜர்னல் டிஸ்க்கும், 4.12-இலிருந்து 'பிபிஎல்' என்ற பகுதிப் பேரிட்டிப் பதிவும் இருக்கின்றன. பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த ரெய்டு 5, 6 இரண்டையும் உற்பத்திச் சர்வரில் தொடாதீர்கள்.

*மெய்நிகர் இயந்திரம்.* மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கெமூ, பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்க் கேஷ் நிலை 'அன்சேஃப்' என்று இருந்தால், உள்ளே ஓடும் விருந்தினர் இயந்திரம் கூப்பிடும் எஃப்சிங்க் எல்லாம் காற்றில் போகும். நிறுவும்போது வேகமாக முடியட்டும் என்று வைத்து, பிறகு மாற்ற மறந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

டேட்டாபேஸில் பார்க்க வேண்டியவை

போஸ்ட்கிரஸ் 8 கேபி பக்கங்களாகவும், மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி 16 கேபி பக்கங்களாகவும் எழுதுகின்றன. அடியில் உள்ள ஃபைல் சிஸ்டம் பொதுவாக 4 கேபி பிளாக். ஆகவே ஒரு பக்கம் பாதி எழுதி நிற்கலாம். கிழிந்த பக்கம் என்பது இதுதான். போஸ்ட்கிரஸில் 'ஃபுல் பேஜ் ரைட்ஸ்', இன்னோடிபியில் 'டபுள்ரைட்' இதற்கான மருந்து. வேகத்துக்காக இவற்றை அணைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. இசட்எஃப்எஸ் போல் பக்கம் கிழியாது என்று உறுதியளிக்கும் அமைப்பில் தவிர வேறெங்கும் அணைக்க வேண்டாம்.

- போஸ்ட்கிரஸில் 'எஃப்சிங்க்' எப்போதும் 'ஆன்'. வேகம் வேண்டுமானால் 'சிங்க்ரோனஸ் கமிட்'டை அணைக்கலாம். கடைசிக் கணத்தின் சில பரிவர்த்தனைகள் போகும், டேட்டாபேஸ் கெடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.
- மைஎஸ்க்யூஎல்லில் 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்ஸாக்‌ஷன் கமிட்' 1, 'சிங்க் பின்லாக்' 1.
- எஸ்க்யூலைட்டில் 'வால்' (மாற்றங்களை முதலில் தனிப் பதிவில் எழுதும்) முறையோடு 'சிங்க்ரோனஸ் நார்மல்' என்றால் கடைசிப் பரிவர்த்தனை போகலாம், ஃபைல் கெடாது. 'ஆஃப்' என்றால் கெடலாம்.

2018-இல் போஸ்ட்கிரஸ்காரர்களுக்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எஃப்சிங்க் ஒருமுறை தோல்வி அடைந்தால் லினக்ஸ் அந்தப் பக்கங்களை 'சுத்தம்' என்று குறித்துவிடும். மறுபடி கூப்பிட்டால் வெற்றி என்று பதில் வரும், தரவோ போயிருக்கும். 2019 பிப்ரவரிப் பதிப்புகளிலிருந்து எஃப்சிங்க் தவறினால் போஸ்ட்கிரஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, தன் 'வால்' பதிவிலிருந்து மீண்டு எழுகிறது. அதற்கு முந்தைய பதிப்பு இன்னும் எங்காவது ஓடினால் மாற்றுங்கள்.

யுபிஎஸ்: கணக்கும் கம்பியும்

கணினியின் பவர் சப்ளை முழுச் சுமையில் சுமார் 16 மில்லி விநாடி மட்டுமே தாக்குப்பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20. வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரைச் சொருகுபவர்கள் பின்புறம் உள்ள யுபிஎஸ் நிலை விசையைப் போட்டிருக்க வேண்டும்; சாதாரண நிலையில் மாறும் நேரம் விசிறிக்குப் போதும், சர்வருக்குப் போதாது. போட்டாலும் ஒரு குறை நிற்கும்: பேட்டரி தீரப்போகிறது என்று சர்வரிடம் சொல்ல அதற்குக் கம்பி கிடையாது.

600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் பொதுவாக ஒரு 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி. 150 வாட் சர்வருக்கு அரை மணி நேரம் என்று காகிதம் சொல்லும். ஆனால் 150 வாட் எடுக்க அந்தச் சின்ன பேட்டரியிலிருந்து, இழப்பையும் சேர்த்து, 15 ஆம்பியர் அளவில் உறிஞ்ச வேண்டும். அந்த வேகத்தில் ஈய-அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. புதிதாக இருக்கும்போது கால் மணி நேரம் வந்தால் நல்லது. வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. ஏசி இல்லாத அறையில் மூன்றாம் ஆண்டு அதே பேட்டரி ஐந்து நிமிடம்கூட ஓடாது.

யுபிஎஸ்ஸின் வேலை சர்வரை ஓட்டுவதல்ல, ஒழுங்காக நிறுத்த நேரம் வாங்கித் தருவது. நிறுத்தும் கட்டளை தானாகப் போகவில்லை என்றால் யுபிஎஸ் விபத்தைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டது, அவ்வளவே. யுபிஎஸ்ஸோடு பேசும் மென்பொருளான 'நட்' அல்லது 'ஏபிசி யுபிஎஸ்டி' கொண்டு இப்படி அமையுங்கள்:

1. யுஎஸ்பி தரவு வாயில் உள்ள யுபிஎஸ் வாங்குங்கள். இல்லாததே கையில் இருந்தால், யுபிஎஸ்ஸில் சேராமல் நேரடி மின்சாரத்தில் ஓடும் ஒரு பழைய ரவுட்டரை சர்வர் பிங் செய்யட்டும். இரண்டு நிமிடம் பதில் இல்லையென்றால் ஷட்டவுன். அழகில்லை, வேலை செய்யும்.
2. 'பேட்டரி குறைவு' எச்சரிக்கைக்காகக் காத்திராதீர்கள். மலிவான யுபிஎஸ்கள் அதைச் சாகும் நொடியில்தான் சொல்லும். பேட்டரியில் 2 அல்லது 3 நிமிடம் ஓடினாலே நிறுத்தத் தொடங்குங்கள்.
3. நிறுத்த ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். நிற்க மறுக்கும் ஒரு சேவைக்காக சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருக்கும்.
4. சேமிப்புப் பெட்டி தனியாக இருந்தால் அது கடைசியில் நிற்கட்டும். இடையிலுள்ள சுவிட்சும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.
5. சர்வர் நின்றபின் யுபிஎஸ் தன் வெளியீட்டை அணைக்கும்படி சொல்லுங்கள். நிறுத்தும்போதே கரண்ட் திரும்பிவிட்டால், மின்சாரம் அறுந்து வந்ததை பயாஸ் உணராது. சர்வர் அணைந்தபடியே கிடக்கும். நட் இயக்கியில் அணைப்பு 20 விநாடி, மீள்வு 30 விநாடி என்பது இயல்பு.
6. அந்த மீள்வு நேரத்தை ஐந்து நிமிடமாகவாவது ஏற்றுங்கள்.

ஆறாவதற்குக் காரணம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்துவிட்டுக் காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் சர்வரைக் கெடுப்பதில்லை. மழைக்கு முந்தைய காற்றில் கிளை உரசி, பத்து நிமிடத்தில் நான்கு முறை போய்வருமே, அதுதான் கெடுக்கும். முதல் விழுகையிலிருந்து மீட்பு ஓடும்போதே இரண்டாவது விழுகை. யுபிஎஸ் பேட்டரியும் இன்னும் ஏறியிருக்காது.

விழுந்துவிட்டது, இனி

திரையில் 'கையால் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கருவி) ஓட்டு' என்று வந்து நின்றால், உடனே 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று ஓட்டுவதுதான் பெரிய நஷ்டத்தின் ஆரம்பம். அந்தக் கருவி பதிவேட்டை முரணில்லாமல் ஆக்கும். அதற்காக உங்கள் தரவை வெட்டி எறியவும் தயங்காது.

1. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் 'ஸ்மார்ட்' நிலையைப் பார்த்து டிஸ்க்கே சாகிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு 'டிடிரெஸ்க்யூ' கொண்டு வேறு டிஸ்க்குக்கு முழு நகல். இனி வேலை எல்லாம் நகலில்.
2. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் 'படிக்க மட்டும்' என்று மவுன்ட் செய்தாலும் ஜர்னலை ஓட்டிவிடும், அதாவது டிஸ்க்கில் எழுதும். தொடாமல் பார்க்க முன்னதற்கு 'நோலோட்', பின்னதற்கு 'நோரிகவரி'.
3. இஎக்ஸ்டி4 என்றால் 'இ2எஃப்எஸ்சிகே'யை முதலில் 'என்' விருப்பத்தோடு ஓட்டி, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் படியுங்கள். ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பதிவான சூப்பர்பிளாக் கெட்டிருந்தால், 4 கேபி பிளாக் உள்ள அமைப்பில் 32768-ஆம் பிளாக்கில் ஒரு நகல் இருக்கும். பெயர் தொலைந்த ஃபைல்கள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' டைரக்டரியில் எண்களாகக் கிடைக்கும்.
4. எக்ஸ்எஃப்எஸ் என்றால் முதலில் மவுன்ட், பிறகு அன்மவுன்ட், அதன் பின்னரே 'எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்'. பெரிய 'எல்' விருப்பம் ஜர்னலையே அழிக்கும். மவுன்ட் எந்த வழியிலும் ஆகாதபோது மட்டும்.
5. பிடிஆர்எஃப்எஸ்ஸில் 'செக் ரிப்பேர்' கடைசி ஆயுதம். 'ரிஸ்டோர்' கொண்டு ஃபைல்களை வெளியே எடுப்பது முதலில். இசட்எஃப்எஸ்ஸில் பூல் இறக்குமதியை பெரிய 'எஃப்', சிறிய 'என்' இரண்டும் சேர்த்து ஓட்டினால், எவ்வளவு பின்னே போக வேண்டும் என்பதை மாற்றாமலே சோதிக்கலாம்.
6. டேட்டாபேஸ் தானே மீண்டு எழ நேரம் கொடுங்கள். 'பிஜி வால்' டைரக்டரி பெரிதாக இருக்கிறதே என்று அழிக்காதீர்கள், மீட்புக்கு வேண்டியது அதுதான். 'பிஜி ரீசெட்வால்' தொடுமுன் தரவு டைரக்டரி முழுதும் நகல். இன்னோடிபியில் 'ஃபோர்ஸ் ரிகவரி'யை 1-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4-உம் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை.

எழுந்துவிட்டது என்று பயனர்களுக்குத் திறந்துவிடுமுன் முழு டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஃபைலாக வெளியே எடுப்பது) ஒன்று எடுங்கள். எல்லா டேபிளின் எல்லா வரிசையையும் படித்தாக வேண்டியிருப்பதால், கிழிந்த பக்கம் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். டம்ப் இண்டெக்ஸைச் சரிபார்க்காது; போஸ்ட்கிரஸ் 14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 'பிஜி ஆம்செக்' கொண்டு அதையும் பார்த்துவிடலாம். புது டம்ப்பை வேறு பெயரில் வையுங்கள். நேற்றைய பேக்கப்பின் மேலேயே அதை எழுதி அழித்துவிட்டால், மூன்றாம் வாரம் ஒரு டேபிளில் பாதி வரிசை காணோம் என்று தேடும்போது வேறு பிரதி இருக்காது.